இயந்திரம் காண்கின்றதா?

புதிதாய் வந்த ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளைப் பற்றி நாம் பின்னர் எண்ணப்போவனவற்றிற்கு முன்னரே வரம்பு கட்டிவிடுகின்றது. தொழிற்சாலைகளிலே கமராவும் கணினியும் கூடிப் பண்டங்களைச் சோதித்தும், பிரித்தும், எடுத்து வைத்தும் வரும் முறைக்கு மேனாட்டார் இட்ட பெயரை அப்படியே பெயர்த்து, 'இயந்திரப் பார்வை' என வழங்கி வருகின்றோம். பெயர்ப்பில் பிழை யாதுமில்லை. மூலப் பெயரிலேயே ஒரு பிழை உண்டு என்பதும், அது தமிழிலே வந்து இன்னும் ஆழமாய் வேர்கொண்டுவிட்டது என்பதும் எமது கருத்து. அக்கருத்தை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

இத்துறை பற்றி எழுதப்படுவனவற்றைப் படிப்போர் சில தொடர்களை மீட்டும் மீட்டும் எதிர்ப்படுவர். இயந்திரத்திற்குக் கண் வந்துவிட்டது, அக்கண் சோர்வதில்லை, மனிதன் காணத் தவறுவதை அது காண்கின்றது, அதற்கு விருப்பு வெறுப்பு இல்லை. சோர்வதில்லை என்பது உண்மை. ஏனையவற்றை அவ்வாறே ஏற்றுக்கொள்ளல் இயலாது. விளம்பரத் தாள்களோடு இத்தொடர்கள் நின்றிருப்பின் அவற்றை எடுத்து ஆராயவேண்டிய தேவை எமக்கில்லை. விற்போன் தன் பொருளைப் புகழ்தல் இயல்பே. நம் மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் அவை ஆராயப்படாமலே புகுந்துவிட்டன. ஆதலினாலேயே இதனை எழுத நேர்ந்தது.

வரலாற்றினின்று தொடங்குதல் நன்று. 1963 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் லோறன்ஸ் றொபேட்ஸ் என்பார், நிழற்படம் ஒன்றிலிருந்து திண்மப் பொருள்களின் முப்பரிமாண வடிவைக் கணினி உய்த்துணரும் வழியைத் தம் ஆய்வேட்டிலே வகுத்தார். மூன்றாண்டு கழித்து, 1966 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அதே நிறுவகத்தைச் சேர்ந்த சீமோர் பப்பேற் ஒரு சிறு குறிப்பை எழுதினார். கோடை விடுமுறைக்கால உழைப்பாளரைக் கொண்டு காட்சி அமைப்பொன்றின் முதன்மையான பகுதியை ஆக்கிவிடலாம் என்பது அக்குறிப்பின் திட்டம். படத்தை முதலிற் பொருள், பின்னணி, தெளிவற்ற பகுதி எனக் கூறுபடுத்த வேண்டும்; ஈற்றில், படத்திலுள்ள பொருள்களுக்கு அவற்றின் பெயரைச் சொல்ல வேண்டும்.

இக்குறிப்பை எடுத்துக்காட்டி நகைப்பது இன்று இத்துறையினரின் வழக்கம். ஒரு கோடையில் முடியும் என எண்ணிய வேலை அரை நூற்றாண்டாகியும் முடியவில்லையே என்பது நகைப்பின் காரணம். எமக்கு அது நகைப்புக்குரிய ஆவணமாகத் தோன்றவில்லை. அதனைக் கூர்ந்து படிப்போர்க்கு வேறொன்று புலப்படும். முதற் கட்டத்திலே இயந்திரத்தின்முன் வைக்கப்படவேண்டியவை பந்து, செங்கல், உருளை ஆகியன. அவை ஒன்றையொன்று மறைத்தல் கூடாது. ஒவ்வொரு முகமும் ஒரே நிறமாதல் வேண்டும். பின்னணியும் ஒரு சீராய் அமைதல் வேண்டும். எழுத்துக்கள் பொறித்த சிகரெட்டுப் பெட்டி போன்றவை அடுத்த கட்டத்திற்குரியன. கிண்ணமும் கைக்கருவிகளும் அதற்கும் பின்னே வரவேண்டியன. காணும் ஆற்றலை ஆக்க முனைந்தவர்கள் முதற்கண் செய்தது, காணப்படும் உலகைத் துடைத்துத் துப்புரவாக்கியதே. அவர்கள் அதனைப் படிக்கட்டு என எண்ணினர். உலகைப் படிப்படியாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. தொழிற்சாலையோ அந்த முதற் படியிலேயே நின்று, அங்கேயே வீடு கட்டிக்கொண்டது.

தொழிற்சாலையில் இயந்திரம் காணக் கற்றுக்கொண்டது என்பதைக் காட்டிலும், இயந்திரம் தவறாமல் பிரித்துணரும்படி தொழிற்சாலை திருத்தி அமைக்கப்பட்டது என்பதே உண்மைக்கு நெருங்கிய கூற்று. இதற்குச் சான்றாகும் பொறிகள் பல. அவற்றுட் சிலவற்றின் உட்கிடையை அறியாது இவ்விடயத்தைப் பேசுதல் வீண்.

1973 இல் யப்பானின் ஹிற்றாச்சி நிறுவனத்தில் மசாகசு எஜிரி முதலிய ஆய்வாளர் திரான்சிற்றர்களைத் தாமாகவே பொருத்தும் பொறியை ஆக்கினர். குறைகடத்தித் துண்டொன்றின் மின்வாய்களிலே மயிரினும் மெல்லிய பொற்கம்பியை இணைப்பது அவ்வேலை. அதுவரை உருப்பெருக்கியிற் கண்ணைப் பதித்து மனிதர் செய்து வந்த வேலை அது. கண்ணை வருத்தும் வேலையென்பதை எவரும் சொல்லவேண்டியதில்லை. பொறி அத்துண்டு முழுவதையும் காண முயலவில்லை. துண்டின் மேற்பரப்பிலுள்ள சில தனித்த சிறு வடிவங்கள் முன்னரே அதனுள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. படத்திலே அவற்றையொத்த இடங்களைத் தேடி, அவற்றினிடையேயுள்ள தொலைவும் திசையும் சரியெனக் கண்டால், துண்டு எங்கே எவ்வாறு திரும்பிக் கிடக்கின்றது என்பதைக் கணித்துக்கொள்ளும். மின்வாய் இருக்கும் இடம் அதிலிருந்து தானே பெறப்படும். ஒரே வகைத் துண்டு, ஒரே ஒளி, ஒரே உயரம் என்னும் கட்டுப்பாடுகளுள் அமைந்த அருமையான அறிவு அது. வேறொரு துண்டை வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இதனினும் நுட்பமானது அமெரிக்காவின் ஜெனறல் மோட்டோர்ஸ் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட 'கொன்சைற்' என்னும் அமைப்பு. ஹொலண்ட், றொசோல், உவாட் என்னும் மூவர் அதனை 1979 இல் விளக்கி வெளியிட்டனர். நகரும் பட்டியின்மேல் ஒழுங்கின்றி வரும் வார்ப்பிரும்புத் துண்டுகளை இயந்திரக் கை எடுத்து வைக்கவேண்டும். வார்ப்பாலையின் நிலையை அறிந்தோர் இதன் இடரை உணர்வர். புகையும் தூசும் நிறைந்த இடம். துண்டும் கருமை, பட்டியும் கருமை. மேலிருந்து எடுத்த படத்திலே பொருள் எது, பின்னணி எது எனப் பிரித்தறிதல் அன்றைய கணினிக்கு இயலாத செயல். ஆய்வாளர் என் செய்தனர்? படத்தைத் திருத்துவதை விட்டு ஒளியைத் திருத்தினர். பட்டியின் குறுக்கே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று விழும்படி, எதிரெதிர்ச் சாய்விலே இரு விளக்குகளை அமைத்தனர். அக்கோட்டை மட்டும் நேர் மேலிருந்து நோக்கும் கமரா ஒன்று. பட்டி வெறுமையாயின் கோடு முழுமையாய்த் தெரியும். துண்டொன்று வந்தால் அதன் உயரத்தினால் ஒளி பக்கவாட்டிலே விலகி விழும். கமரா நோக்கும் இடத்தில் இருள் தோன்றும். பட்டி நகர நகர அவ்விருட் பகுதிகள் அடுக்கப்பட்டுத் துண்டின் நிழலுரு கிடைக்கும். பரப்பும் நடுப்புள்ளியும் சாய்வும் அதிலிருந்து பெறப்படும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சென். கதரின்ஸ் வார்ப்பாலையில் இவ்வமைப்பு உற்பத்தியிற் பயன்பட்டது.

வியந்து பாராட்டவேண்டிய அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாராட்டு யாருக்குரியது? அந்தக் கமரா வார்ப்பிரும்பைக் கண்டதில்லை. ஒளி இல்லாத இடத்தையே அது குறித்தது. ஒளி இல்லாமை இரும்பின் இருப்பைக் குறிக்கும்படி செய்தவர், விளக்கை எந்தச் சாய்விலே வைக்கவேண்டும் எனக் கண்ட பொறியியலாளர். கண்டவர் அவர், அவர் கண்டதன் பயனைப் பின்னர் ஒவ்வொரு நொடியும் சலியாமல் மீட்டுச் செய்வது இயந்திரம்.

இத்துறையிற் பழகியோர் இதனை நன்கு அறிவர். காட்சிக் கருவியைப் பொருத்தும்போது அவர்கள் முதலிற் கேட்பது கணினியைப் பற்றியன்று. ஒளி எங்கிருந்து வரும் என்பதையே. புட்டியின் விளிம்பை அளக்கவேண்டுமாயின் விளக்கைப் புட்டியின் பின்னே வைப்பர்; உருவம் கருநிழலாகிவிடும், உட்புறத்துத் தொல்லை ஒன்றும் இராது. உலோகத் தகட்டிலுள்ள கீறலைக் காணவேண்டுமாயின் ஒளியைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாய் விடுவர். சமதளம் இருண்டு கீறல் மட்டும் ஒளிரும். ஊசிமருந்துக் குப்பியைச் சோதிக்கும் முறையோ எமக்கு எப்பொழுதும் இன்பந் தருவது. குப்பியை வேகமாய்ச் சுழற்றித் திடீரென நிறுத்துவர். கண்ணாடி நின்றுவிடும், உள்ளிருக்கும் நீர் சுழன்றுகொண்டேயிருக்கும். அந்நேரத்தில் அடுத்தடுத்துப் படங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், அசையாத கண்ணாடிக் கீறல்கள் யாவும் மறைந்துபோம். நீரோடு அசைந்த தூசியே எஞ்சும். கீறலையும் தூசியையும் பிரித்தறியும் பொறுப்பு கணினியின் தலையிலிருந்து நீங்கிச் சுழற்சியின்மேல் ஏற்றப்பட்டுவிட்டது. காற்றுக் குமிழியும் நீரோடு அசைவது என்பதே எஞ்சும் இடர்ப்பாடு. அதனால் தூய குப்பிகள் சில வீணே தள்ளப்படுவதுண்டு.

உலகைத் திருத்தும் இவ்வேலை ஒளியோடு நின்றுவிடவில்லை. பொருளின் மேலேயே இயந்திரத்திற்கென ஓர் எழுத்தைப் பொறித்துவிடும் வழக்கமும் வந்தது. 1974 யூன் 26 ஆம் நாள், ஒகையோ மாநிலத்து ரோய் நகரக் கடையொன்றில், கோட்டுக்குறி பொறித்த மெல்லும் பசைப் பொதி ஒன்று முதன்முதல் ஒளிவருடியால் வாசிக்கப்பட்டது. யப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹாறாவும் அவர்தம் குழுவினரும் 1994 இல் ஆக்கிய சதுரக் குறி இன்று நம்மூர்ப் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. மோட்டார் வண்டியின் உறுப்புக்களைத் தொழிற்சாலையிலே கணக்கு வைத்தற்கென அது தோன்றியது என்பதைப் பலர் அறியார். அக்குறியின் மூன்று மூலைகளிலும் உள்ள கட்டங்களைக் குறுக்கே வெட்டி நோக்கினால், கருமையும் வெண்மையும் 1:1:3:1:1 என்னும் விகிதத்தில் அமைந்திருக்கும். அச்சிட்ட தாள்கள் பலவற்றை ஆராய்ந்து, அவற்றில் மிக அரிதாக வருவது இவ்விகிதமே எனக் கண்டு அதனைத் தெரிந்தனர். பிற எதனோடும் மயங்காத ஓர் அடையாளத்தை மனிதர் தேடிக் கண்டுபிடித்துப் பொருளின்மேல் ஒட்டிவிட்ட பின்னர், இயந்திரம் அதனைக் 'காண்கின்றது' என்கின்றோம்.

இவ்வளவும் பிற நாட்டுச் செய்தி. நம் நாட்டிலே இக்கருவி நாட்பட நின்று வேலை செய்வது தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பெரும் அரிசி ஆலைகளிலும் ஆம். நிறம் நோக்கிப் பிரிக்கும் பொறி புதியதன்று; 1930களிலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அவரை விதைகளைப் பிரிக்க ஒளிமின் கலத்தைப் பயன்படுத்தினர். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இப்பொறியை அருகே நின்று நோக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. மேலேயுள்ள தொட்டியிலிருந்து தூள் அதிர்ந்து அதிர்ந்து இறங்கிச் சரிவான தடங்களின் வழியே ஒன்றன்பின் ஒன்றாய் வழுக்கி வீழ்கின்றது. வீழும் அந்தக் கணத்திலே இரு புறத்துக் கமராக்களும் அதன் நிறத்தை அளக்கின்றன. கருமையான தூளிடையே காம்பும் நாரும் வெளிறிய செந்நிறமாய்த் தோன்றும். அந்நிறம் குறித்த எல்லையைக் கடந்ததாயின், அமுக்கிய காற்று ஒரு சிறு துளையினூடாகச் சீறி, அத்துணுக்கை வேறொரு வழியில் ஊதித் தள்ளிவிடுகின்றது. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் நடந்தேறும் செயல் இது. முன்னாளிலே இவ்வேலையைப் பெண்கள் தட்டுக்களிலே தூளைப் பரப்பிக் கையாற் செய்தனர், பின்னர், உரசலால் மின்னேற்றம் பெற்ற உருளைகள் காம்பையும் நாரையும் ஈர்த்தெடுக்கும் பொறி வந்தது, இப்பொழுது இது.

பொறியின் பக்கத்திலே உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திரை உண்டு. அதனைக் கூட்டினால் காம்பு நன்றாய் நீங்கும். கூடவே நல்ல தூளும் தள்ளப்படும். குறைத்தால் நல்ல தூள் தப்பும், காம்பும் தப்பிவிடும். எந்த அளவிலே வைப்பது என வினாவினோம். தொழிற்சாலை அலுவலரான டீ மேக்கர் உடனே விடை கூறவில்லை. ஏலத்திலே அந்த வாரம் எவ்வகைத் தூளுக்கு என்ன விலை என்பதையும், அன்றைய கொழுந்து எத்தகையது, பறித்தோர் முற்றிய காம்போடு கொண்டுவந்தனரா என்பதையும் எண்ணிப் பார்த்தே எல்லையை வைப்பதாகச் சொன்னார். தள்ளப்பட்ட தூளை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையிலே பரப்பி, விரலாற் கிளறிப் பார்த்தார். "இதில நல்ல தூள் கூடப் போகுது ஐயா" என்றார். திரையிலே ஏதோ ஓர் எண்ணைக் குறைத்தார். எமது ஆராய்ச்சிக்கு வேண்டிய சான்று அந்த உள்ளங்கையில் இருந்தது. நிறத்தை அளந்தது பொறி. காம்பு இவ்வளவு இருக்கலாம், இதற்குமேல் ஆகாது எனத் தீர்த்தவர் அவர்.

குற்றம் என்பது பொருளிலே மையாற் குறித்து வைக்கப்பட்டிருக்கும் ஒன்றன்று. அது பொருளுக்கும் அதன் பயனுக்கும் இடையேயுள்ள உறவு. ஒரு வாங்குவோனுக்குக் குற்றமாவது மற்றொருவனுக்குக் குற்றமாகாது. ஆதலின் குற்றத்தைக் காணும் பொறி என ஒன்று இருத்தல் இயலாது. எவரோ வகுத்த எல்லையை மீறியதைக் குறிக்கும் பொறியே இருத்தல் கூடும். அவ்வெல்லையை வைப்பதிலே இரு வகைத் தவறும் எதிரெதிரே நிற்கின்றன. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். பதினாயிரம் உறுப்புக்கள் பட்டியிலே வருகின்றன என்றும், அவற்றுட் பத்து மட்டுமே பழுதுடையன என்றும் கொள்வோம். பழுதுடையவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பிடிக்கும் பொறி. நல்லனவற்றுள் நூற்றுக்கு ஒன்றையே தவறாகத் தள்ளும் பொறி. இதனினும் சிறந்த கருவி வேண்டுமோ என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். பழுதுடைய பத்தும் ஏறக்குறைய முழுதும் பிடிபடும். நல்லனவற்றுள் ஏறத்தாழ நூறு தள்ளப்படும். தள்ளப்பட்ட குவியலிலே நூற்றுப்பத்து உறுப்புக்கள் இருக்க, அவற்றுள் நூறு நல்லன. பொறி 'பழுது' எனச் சொல்லும் பதினொரு முறையிற் பத்து முறை அது பொய்யுரைக்கின்றது. மேற்பார்வையாளர் சிலர் சில கிழமைகளிலேயே உணர்திறனைக் குறைத்துவிடுவதன் காரணம் இதுவே. குறைத்த பின்னர் ஏதேனும் ஒரு பழுது வெளியே சென்று தீங்கு விளைக்குமாயின், 'இயந்திரம் காணவில்லை' என்பர்.

இங்கே மனிதக் கண்ணுக்கு வழக்குரைக்க வந்தோம் என எவரும் கருதவேண்டா. பழமையைப் போற்றும் ஆர்வத்தினாலே, கையாற் பிரித்த காலம் பொற்காலம் என எழுதுவாருடன் எமக்கு உடன்பாடில்லை. மனிதன் நெடுநேரம் ஒன்றையே நோக்கியிருக்க வல்லவனல்லன். இங்கிலாந்தின் நோர்மன் மக்வேர்த் 1948 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாய்க் காட்டியது. மணிக்கூட்டு முள் போன்ற ஒன்று சீராய் நகர்ந்துகொண்டிருக்கும். எப்பொழுதேனும் ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். நோக்கியிருப்போர் அதனைக் கண்டு அறிவிக்கவேண்டும். முதல் அரை மணி நேரத்தின் பின்னரே தவறவிடுவது மிகுந்தது. போர்க்காலத்தில் றேடார்த் திரையின்முன் இருந்தோரின் நிலையை ஆராய எழுந்த ஆய்வு அது; தொழிற்சாலைப் பட்டியின்முன் நாள் முழுதும் இருக்கும் பெண்ணின் நிலையும் அதுவே. அவளுக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்தல் தீதன்று. விடுதலையோடு கூலியும் போய்விடுதலே தீது. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

மனிதச் சோதனையாளரின் தடுமாற்றத்தை மறைக்காமல் எடுத்துக்கொண்டு, அதனையே அளவுகோலாக்கிய ஓர் ஆய்வும் உண்டு. மருந்துக் குப்பிகளைச் சோதிப்பது பற்றி நப், குஷ்னர் என்னும் இருவர் 1980 இல் வெளியிட்டது அது. ஒரே குப்பியைப் பல முறை பல சோதனையாளரிடம் கொடுத்தால் எல்லாரும் எப்பொழுதும் ஒரே தீர்ப்பைக் கூறார் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. பத்து முறை கொடுத்தால் ஏழு முறையேனும் தள்ளப்படும் குப்பியைத் தள்ளத்தக்கது என்றும், மூன்று முறைக்குக் குறைவாகத் தள்ளப்படுவதைக் கொள்ளத்தக்கது என்றும், இடைப்பட்டதைச் சாம்பல் நிலம் என்றும் வகுத்தனர். பொறியின் திறன் மனிதரின் திறனுக்குக் குறையாதது என நிறுவ விரும்புவோர், தள்ளத்தக்கவற்றை மனிதரைப் போலவேனும் பொறி தள்ளுகின்றதா எனக் காட்டவேண்டும். இத்துறையில் நாம் படித்தவற்றுள் இதனைப்போல் நேர்மையான சிந்தனையை அதிகம் கண்டிலோம். குற்றம் ஒன்று, குற்றமின்மை ஒன்று என இரண்டாய் உலகைப் பிளந்துவிடாமல், இடையே ஐயத்திற்கு ஓர் இடம் கொடுத்தமையே இதன் சிறப்பு.

ஐயத்திற்கு இடங்கொடுத்தல் நம் அளவை நூலார்க்குப் புதியதன்று. குற்றியோ மகனோ எனத் துணியாது நிற்றல் ஐயக் காட்சி. கயிற்றைப் பாம்பெனத் துணிதல் திரிவுக் காட்சி. இவ்விரண்டும் நீங்கியதே அளவையாகும் காட்சி என்பது அவர்தம் முடிபு. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் பயின்ற மாணவர் மற்றுமொரு வேறுபாட்டையும் அறிவர். ஏதோ ஒன்று உண்டு என்ற அளவிலே நிற்பது நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு இன்னது எனத் தெளிவது சவிகற்பம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு தொழிற்சாலைக் கருவிகளை நோக்கினால் ஒரு விந்தை தோன்றும். ஹிற்றாச்சியின் பொறியும் கொன்சைற்றும் முதற்படியைக் கடவாமலே இரண்டாம் படியில் நிற்பன. தாம் தேடும் பொருளின் பெயரும் வடிவும் அவற்றிற்கு முன்னரே கொடுக்கப்பட்டுள. 'ஏதோ ஒன்று' என்னும் அறிவு அவற்றிற்கு இல்லை. பட்டியின்மேல் வார்ப்பிரும்புக்குப் பதிலாக ஒரு தொழிலாளியின் கையுறை வந்தால், அதன் நிழலுரு அட்டவணையில் இல்லை என்பதற்குமேல் அவற்றாற் சொல்ல முடியாது.

அண்மைக்காலத்து முறையோ இதற்கு நேர்மாறானது. 2012 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிசெவ்ஸ்கி, சுற்ஸ்கெவர், ஹின்ரன் ஆகியோர் பல அடுக்கு நரம்புவலை ஒன்றைக் கொண்டு, ஆயிரம் வகைப் பொருள்களைப் படத்திலிருந்து பெயரிடும் போட்டியிற் பெரு வெற்றி பெற்றனர். விதிகளை மனிதர் எழுதிக்கொடுக்கும் நிலை மாறி, எடுத்துக்காட்டுக்களிலிருந்து இயந்திரமே விதியை வடித்துக்கொள்ளும் நிலை தொழிற்சாலைக்கும் வந்தது. இங்கே ஓர் இடையூறு தோன்றியது. நன்றாய் நடக்கும் தொழிற்சாலையிலே பழுதுகள் அரிது; அரியதற்கு ஆயிரம் எடுத்துக்காட்டுக்களை எங்கே தேடுவது? ஆகவே நல்லனவற்றை மட்டும் காட்டிப் பழக்கி, அவற்றினின்று விலகியன யாவற்றையும் குறிக்கச் செய்யும் முறை வளர்ந்தது. 2019 இல் ஜேர்மனியின் எம்விரெக் நிறுவனத்தார் வெளியிட்ட படத்தொகுதி இம்முறையைச் சோதித்தற்குப் பலராலும் ஆளப்படுவது. புட்டி, திருகாணி, தோல், மரம், பற்தூரிகை முதலிய பதினைந்து வகையில் 5,354 படங்கள் அதிலே உள்ளன. பயிற்சிக்குரிய படங்கள் யாவும் பழுதற்றன.

இவ்வாறு பழகிய இயந்திரம் ஏதோ ஒன்று வேறுபட்டுள்ளது என மட்டும் சொல்லும். என்ன வேறுபாடு, அது தீதா, நன்றா, பொருளற்றதா என்பதை அது சொல்லாது. மரப்பலகையில் இயல்பான ஒரு கணு, பயிற்சிப் படங்களில் இல்லாதிருந்தால் பழுதாய்க் குறிக்கப்படலாம். பழைய பொறி பெயரை அறிந்தது, இருப்பை அறியவில்லை. புதிய பொறி இருப்பை அறிந்தது, பெயரை அறியவில்லை. இவ்வொப்புமையை மிக நீட்டுதல் கூடாது. அளவை நூலார் பேசியது அறிவுடைய ஆன்மாவின் காட்சியை, நாம் பேசுவது எண்களின் ஒப்பீட்டை. ஆயினும் வேறுபாட்டிற்கும் குற்றத்திற்கும் உள்ள தொலைவைத் தாண்டிவிட்டதாக நினைக்கும் மயக்கத்தை இது தெளிவிக்கும். வேறுபட்டது குற்றமுடையது எனத் துணிதல், கயிற்றைப் பாம்பெனத் துணிதலைப் போன்றதே. துணிபவர் இயந்திரமல்லர், அதன் சொல்லை அவ்வாறு பொருள்கொள்ளும் நாமே.

எமது மறுப்பு ஒரு சொல்லைப் பற்றிய பூசல் எனச் சிலர் கருதக்கூடும். சொல்லாராய்ச்சி செய்து பொழுது போக்கும் குணம் தமிழ் கற்றோர்க்கு உண்டு என்பதை ஒப்புகின்றோம். ஆனால் இங்கே சொல்லோடு வேறொன்றும் கைமாறுகின்றது. 'இயந்திரம் கண்டது' என எழுதும்பொழுது, கண்டவனுக்குரிய பொறுப்பும் இயந்திரத்தின் மேலே சென்றுவிடுகின்றது. விளக்கின் சாய்வைத் தெரிந்தவர், எது நல்லது எனப் பயிற்சிப் படங்களைப் பொறுக்கியவர், எல்லையை வைத்தவர், விலையை நோக்கி அதனை மாற்றியவர் ஆகிய எல்லாரும் அந்த வாக்கியத்திலிருந்து மறைந்துபோகின்றனர். விருப்பு வெறுப்பு இல்லை எனப் புகழப்படும் இயந்திரத்தினுள்ளே அவர்தம் விருப்பும் வெறுப்பும் எண்களாய் உறைந்து கிடக்கின்றன. சிறு தோட்டக்காரன் ஒருவனின் கொழுந்து தரங்குறைந்தது எனப் படத்தைக் கொண்டு தீர்க்கும் பொறி நாளை வருமாயின், அத்தீர்ப்பை எவரிடம் சென்று அவன் மறுப்பான்? பொறி கண்டது என்றால் மறுக்க இடமில்லை. இன்னார் வைத்த எல்லையைக் கடந்தது என்றால், அந்த எல்லை சரியா எனக் கேட்க இடமுண்டு.

ஆகவே, தொழினுட்பப் பாடங்களை எழுதுவோர்க்கு எமது விண்ணப்பம் ஒன்று. துறையின் பெயரை மாற்றவேண்டும் என்பதில்லை. வழக்கில் ஊன்றிய பெயரைப் பிடுங்குதல் எளிதன்று, தேவையுமன்று. வினைச்சொல்லையேனும் கவனித்து ஆளுதல் வேண்டும். பொறி நிறத்தை அளந்தது, வடிவை ஒப்பிட்டது, எல்லையைக் கடந்ததைக் குறித்தது, காற்றால் தள்ளியது என எழுதுவோம். எல்லை எவ்வளவு, அதனை வைத்தவர் யார், எப்பொழுது மாற்றினார் என்பவற்றையும் அதே பந்தியிலே எழுதுவோம். மருந்துக் குப்பிகளைச் சோதிக்கும் ஆலைகள் சிலவற்றில் கொள்வதற்கு ஒரு தட்டும், தள்ளுவதற்கு ஒரு தட்டும் வைத்து, துணிய முடியாதவற்றிற்கு மூன்றாவது தட்டு ஒன்றையும் வைக்கின்றனர். அத்தட்டிலுள்ள குப்பிகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் எடுத்து, கரிய பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் மாறி மாறிப் பிடித்து நோக்குகின்றார். அவரைப் பற்றி எழுதும்பொழுது, 'காண்கின்றார்' என்னும் சொல்லைத் தயங்காது ஆளலாம்.